ஏழாவது ஊசி

உடுமலைப் பக்கமிருந்து
பாசனப் பொறியாளர் கொண்டுவந்தார், இரண்டு புட்டி.
ஒன்று வாய்க்கால்.
இன்னொன்று அத்தப்பன் கிணறு.
நடுவில் நூற்றிருபது அடி சோளக்காடு.

“மண்ணுக்கடியில குழாய் போட்டு உறிஞ்சறான் மேடம்.
தோண்டிப் பாக்க விடமாட்டேங்கறான்.
தண்ணியே சொல்லட்டும்னுதான் வந்தேன்.”

தண்ணீர் சொல்லும்தான்.
ஆனால் சிவப்புக்கும் கீழே,
கண் எட்டாத நிறத்தில் சொல்லும்.

பீளமேட்டில் இரண்டாம் மாடி.
ஏசியும் நானும் விழித்திருக்கும் அறை.
ஒரு முழம்கூட இல்லாத குழாய்,
இரு முனையிலும் கண்ணாடி.
உள்ளே விட்ட ஒளி
முட்டித் திரும்பி, முட்டித் திரும்பி,
சூலூர் வரை நடந்த தூரம் நடந்து மங்கும்.
எத்தனை சீக்கிரம் மங்கியது
என்று எண்ணத்தான் எனக்குச் சம்பளம்.

பத்தாயிரம் நீர் மூலக்கூறில்
இருபது, கனத்த ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு திரியும்.
மூன்று, கனத்த ஹைட்ரஜனை.
மற்றபடி அதுவும் தண்ணீர்தான், தாகம் தீரும்.
‘ஏனுங்க’ என்பதைப்
பொள்ளாச்சியில் ஒரு மாதிரி இழுப்பார்கள்,
பெருந்துறையில் வேறு மாதிரி.
அவ்வளவுதான் வித்தியாசம்.
பாரம் கூடினால் அதிர்வு நிதானப்படும்,
நிதானப்பட்டது
சற்றுத் தள்ளி, தன் இடத்தில், ஒளியை விழுங்கும்.
விழுங்கிய இடமெல்லாம் திரையில் பள்ளம்.
இலேசானதற்கு ஆயிரம் அடி போர்.
கனத்ததற்கு மழையில் கோழி கிளறிய குழி.

அணையில் மாசக்கணக்காய் வெயிலில் கிடந்த தண்ணீரில்
இலேசானது முதலில் கிளம்பிவிடும்.
மிச்சம் கனக்கும்.
ஐப்பசி மழை அப்படியில்லை,
கடற்கரையிலிருந்து வரும் வழியெல்லாம்
கனத்ததை இறக்கிவிட்டு
வெறுங்கையாய்க் கொங்குக்குள் நுழையும் மேகம் அது.
கிணறு மழையில் ஊறியதா, வாய்க்காலில் ஊறியதா,
ஒரு சொட்டு போதும்.

ஒரு சொட்டு, ஆனால் ஏழு தடவை.
முதல் ஊசி பொய்.
இரண்டாவதும்.
குழாய்ச் சுவரில் முந்தின தண்ணி ஒட்டியிருக்கும்,
நேற்று ஓட்டிய வால்பாறை மழை,
கிணற்றின் வாயால் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்.
ஆறு ஊசியைக் கணக்கிலிருந்து எறியவேண்டும்.
காத்திருந்தபோது கைப்பையில் பேனா தேடினேன்,
கவுண்டம்பாளையம் வீட்டு பீரோ சாவி தட்டுப்பட்டது.
அந்த வீட்டில் இப்போது யாரோ.

நாலாவது ஊசிக்கு டீயோடு வந்தார் காவலாளி சென்னியப்பன்.
பக்கத்து மெஷின் கரியமில வாயுவுக்கானது.
“ஊதுங்கண்ணா” என்றேன், சும்மா.
ஊதினார். கனத்த கார்பன் கூடுதல்.
“கம்பஞ்சோறு தின்னீங்களா?”
டீ டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
“ஊட்ல யாராச்சும் போன் பண்ணாங்களா?”
நானும் ஊதினேன்.
அரிசி, வெறும் அரிசி.

ஏழாவதில் கிணறு பேசியது.
அச்சு அசல் வாய்க்கால்.

பொறியாளருக்கு முகமெல்லாம் பல்.
“இன்னும் நாலு கிணத்துத் தண்ணி வேணும் சார்” என்றேன்,
“அரை மைலுக்கு அந்தாண்ட,
எந்தக் குழாயும் எட்டாத இடத்துல.”
மனசில்லாமல் கொண்டுவந்தார்.
நாலும் இருபத்தெட்டு ஊசி, மூன்று ராத்திரி.
நாலும் வாய்க்கால்.
அந்தக் கரை கட்டிய நாளிலிருந்து கசிகிறது போல,
யாரும் திருடாமலே.

குழாய் இருக்கலாம் என்று எழுதினேன்.
இல்லாமலும் இருக்கலாம்.
அவர் அந்தத் தாளை
நாலாய் மடித்தார், பின்பு எட்டாய்.

சாயங்காலம் ஒரு போன்.
பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.
“அத்தப்பன் பேசறனுங்க.
எந்தண்ணி என்னங்க சொல்லுச்சு?”

“கொஞ்சம் இழுத்துப் பேசுதுங்க.”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கூர்ல
எல்லாரும் அப்பிடித்தானுங்க.”